எண்ணெய் மிசின்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணியின் வாய்க்குத் தனி மரியாதை. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா கொஞ்சம் கழித்துக்கொள்வார். மற்றப் பெண்கள் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். ஜீவராணி தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வெயில் மண்டையப் பொளக்குதுங்கய்யா. எந்த ஈரத்துக்குக் கழிக்கிறீங்க?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கண்டாக்கையாவால் கோபப்படவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அவளுக்குப் பின்னால் நிற்கிற பெண்களுக்கும் அன்றைக்கு முழு நிறை கிடைத்துவிடும்.

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவள் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்தால், பொழுது சாய்வதற்குள் அது கீழ் டிவிசன் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பெயர் வாங்கினவரே சில நாளில் அதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, ஒரு மனுசிக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் இருக்கத்தானே வேண்டும்.

அப்பேர்ப்பட்டவள் ஏழு மாத வயிற்றோடு ஒரு நாள் கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் மூக்குடைபட்டாள்.

கிளினிக் நடப்பது பிள்ளைமடுவத்தில். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று வாசலில் பலகை மாட்டி வருசக்கணக்காகிறது. பலகை பாட்டுக்கு இருக்கட்டும், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகிற பெண்களுக்கு அது இன்றைக்கும் பிள்ளைமடுவம்தான். கர்ப்பிணிகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மிட்வைப் கோசலா மிஸ் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு அவர்களோடு பாயிலேயே உட்கார்ந்து பேசுகிறவர். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். குரல் தணிந்துதான் இருக்கும், ஆனால் சொன்ன பேச்சிலிருந்து அவரை ஒருவராலும் அசைக்க முடியாது.

"புள்ள பொறந்து ஒரு மாசத்துக்குள்ள காது பாக்கணும்" என்றார் மிஸ். "பெரியாஸ்பத்திரியில அதுக்கு ஒரு மிசின் இருக்கு. தூங்குற புள்ளையோட காதுல பஞ்சு மாதிரி ஒரு சின்ன முனைய வைப்பாங்க. உள்ள மெல்லமா ஒரு சத்தம் போகும். காது நல்லா இருந்தா காதே அதுக்கு ஒரு பதில் குடுக்கும், மிசின் அதப் புடிச்சுக்கும். ஊசி இல்ல, வலி இல்ல. புள்ள முழிக்கக்கூட முழிக்காது."

"ஒரு சந்தேகம் மிஸ்" என்று ஜீவராணி கையைத் தூக்கினாள். "நம்ம பெக்டரி சங்கு இருக்குறப்ப அந்த மிசின் எதுக்கு?"

பாய் முழுக்கச் சிரிப்பு. லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைக்குக் காது பார்க்கிற வழி அதுதான். பெக்டரியில் சங்கு ஊதும்போது தொட்டிலில் கிடக்கிற பிள்ளை கையைக் காலை உதறித் திடுக்கிட்டால் நல்ல காது. அதற்கு மேல் ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கோசலா மிஸ் கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பகல் சங்கு ஊதுகிற நேரம் நெருங்கியிருந்தது. "இங்க வாங்க ராணி, மெதுவா வாங்க" என்று கூப்பிட்டு, பஞ்சில் வாசலின் தடவி அவள் காது இரண்டையும் அடைத்தார். அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஜீவராணி பல்வலிக்காரி மாதிரி நடுவில் நின்றாள்.

சங்கு ஊதியது. ஜீவராணி வெற்றியோடு கையைத் தூக்கிக் காட்டினாள்.

சங்கு ஓய்ந்ததும் மிஸ் கிளினிக் அட்டையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில், "இன்னைக்கு ராணிக்குத் திரிபோஷா சத்துமாவு கெடையாது. அவங்க பங்கையும் கேஷிகாவுக்குக் குடுத்துடலாமா?" என்றார். கேஷிகா கீழ் லயத்துச் சின்னப் பெண். தலைப்பிரசவம். வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள். அவளே "சரிங்க மிஸ்" என்றுவிட்டாள். எல்லாரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். தன்னைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்து, அவள் பெரிதாகத் தலையாட்டி, "ஆமா ஆமா, நல்லாவே கேட்டுச்சு!" என்றாள்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு வயிறு வலியே வந்துவிட்டது.

துண்டை அவிழ்த்து, நடந்ததைச் சொன்னபோது ஜீவராணியும் சேர்ந்துதான் சிரித்தாள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சங்கு அவங்களுக்குக் கேட்டுச்சு. நான் பேசினது கேக்கல" என்றார். "இப்படி ஒரு காதோட ஒரு புள்ள பொறந்தா அது சங்குக்குத் துள்ளும். ஆனா அம்மா பேசுறது அதுக்கு எட்டாது. பேச்சு காதுல விழாத புள்ளைக்கு எங்கயிருந்து பேச்சு வரும்? மூணு வயசாகியும் பேசலன்னு தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அதுக்குள்ள கேட்டுப் பழகுற காலம் போயிருக்கும். ஒரு மாசத்துல பாக்கணும், மூணு மாசத்துல என்னன்னு தெரியணும், ஆறு மாசத்துக்குள்ள வைத்தியம் ஆரம்பிக்கணும்."

மிஸ்ஸின் பேச்சு எல்லாருக்கும் உறைத்தது. ஜீவராணிக்கும் உறைத்தது. ஆனால் அதைவிட, தான் தலையாட்டியதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. தோட்டம் முழுக்க ஒரு வாரம் அந்தத் தலையாட்டலைத்தான் நடித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்குப் பெயர் வைத்தே பழகியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஒரு சமயம் வராமலா போகும் என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

சமயம் சீக்கிரமே வந்தது, அவள் நாத்தனார் சர்மிளாவின் வீட்டிலிருந்து.

சர்மிளா, ஜீவராணியின் புருசன் விஜிதரனுக்குத் தங்கை. அடுத்த லயத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மேல் டிவிசனில் பிறக்கிற பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள் பேச்சியம்மா. காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, வெந்நீரை மொண்டு ஊற்றி, மூக்கை நீவி, கடைசியில் காதுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவாள். காது பார்க்கப் போகிற அன்றைக்கோ, 'ஆஸ்பத்திரிக்குப் போற புள்ள, காது நல்லா சுத்தமா இருக்கட்டும்' என்று நல்லெண்ணத்தில் இன்னும் தாராளமாக விட்டுவிட்டாள்.

மிசினுக்குப் பதில் வரவில்லை. இரண்டு காதிலும் வரவில்லை. திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். சர்மிளா அழுத அழுகைக்கு அளவில்லை. முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள், சோறு இறங்கவில்லை, பாலும் வற்றிப்போகுமோ என்று பயந்துவிட்டார்கள். கோசலா மிஸ் வந்து பிள்ளையின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு சட்டி தாளிக்கலாம் போல இருக்கே!" என்றார். ஆஸ்பத்திரியில் காதைச் சுத்தம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சொட்டு எண்ணெய் விடாமல் கொண்டுபோனபோது இரண்டு காதும் பளிச்சென்று பதில் கொடுத்தன.

ஜீவராணிக்கு இது போதாதா? எட்டாம் மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று, மிசின் மாதிரியே கண்ணை உருட்டி, "ஐயோ எண்ணெ வழுக்குதே, எனக்கு ஒன்னும் கேக்கலயே!" என்று நடித்துக் காட்டினாள். "காது கேக்காதது புள்ளைக்கு இல்லடி, மிசினுக்கு!" என்றாள். எண்ணெய் மிசின் என்ற பெயர் அன்றைக்கே கீழ் டிவிசனுக்கு இறங்கிவிட்டது. கேஷிகாவுக்குப் பிள்ளை பிறந்தபோது அவள் புருசன், "எண்ணெய் மிசினுக்காக எதுக்கு ஒரு நாள் வேலையக் கெடுத்துக்கணும்?" என்று சொல்லிவிட்டான். அவள் போகவில்லை. இன்னும் சில பேரும் போகவில்லை.

கோசலா மிஸ் ஒரு நாள் ரோட்டில் அவளை நிறுத்தினார்.

"பேரு நல்லாத்தான் வச்சிருக்கீங்க ராணி. எனக்கே சிரிப்பு வருது. ஆனா மிசின் பொய் சொல்லல. 'எனக்குப் பதில் வரல, இன்னொரு தடவ பாக்கணும்'னு மட்டுந்தான் சொல்லிச்சு. எண்ணெய எடுத்ததும் பதில் வந்துச்சு. எடுக்கறதுக்கு எண்ணெயே இல்லாத ஒரு புள்ளைக்குப் பதில் வரலன்னா அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அத அப்பப் பாத்துக்கலாம் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஜீவராணி சிரித்தாள்.

அவளுக்குப் பெண் பிறந்தது. கறுகறுவென்று முடி, அப்பாவின் மூக்கு. மிசினைக் கேலி செய்தவள் பிள்ளையைக் காது பார்க்கக் கொண்டுபோக மாட்டாள் என்றுதான் லயத்தில் நினைத்தார்கள். அவள் கணக்கு வேறு. தன் பிள்ளை முதல் தடவையிலேயே பாஸாகி, கோசலா மிஸ்ஸுக்கு முன்னால் தான் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் குளிப்பாட்ட வந்த பேச்சியம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "காதுப் பக்கம் எண்ணெயக் கொண்டு வந்தீங்கன்னா நான் பொல்லாதவளாயிருவேன்க்கா." பேச்சியம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் சொன்னபடி கேட்டாள். போதாதென்று குளிப்பாட்டும்போதெல்லாம் ஜீவராணி பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை நன்றாகத் தூங்கியது. நர்ஸ் நோனா முதலில் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு முனையை ஒரு காதில் வைத்தார். பார்த்தார். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். மற்றக் காதிலும் வைத்தார்.

"நங்கி, தங்கச்சி, பயப்பட வேணாம்" என்றார் நர்ஸ் நோனா, சிங்களம் தட்டுகிற தமிழில். "ரெண்டு காதும் பதில் இல்ல. ஆயெத், திரும்ப ஒருக்கா பாக்கணும். ரெண்டு கெழமையில வாங்க."

ஜீவராணி பிள்ளையைத் துண்டோடு வாரி எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. யாராவது அழுதிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விஜிதரன் வட்டகொடை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன். பெண்டாட்டி மேல் உயிர், பெண்டாட்டியின் பேச்சு மேல் அதைவிட. "எண்ணெய் மிசின்னு நீதானே சொன்ன! இப்ப நீயே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க" என்றான். சர்மிளா தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இவனுக்கும் அப்படித்தான் அண்ணி சொன்னாங்க. நான் பட்டினி கெடந்ததுதான் மிச்சம். இப்பப் பாருங்க, காகம் கத்தினாக்கூட முழிச்சுக்கிறான்" என்றாள். தண்ணிக் குழாயடியில் பார்த்தவர்கள், "பேச்சியம்மா ஒனக்குத் தெரியாம விட்டுருப்பா" என்றார்கள். அவள் வாயிலிருந்து புறப்பட்ட சொல், லயம் லயமாகச் சுற்றிவிட்டு இப்போது அவள் வாயையே அடைத்தது.

"நான் எண்ணெய் விடலயே!" என்றாள் ஜீவராணி.

"எண்ணெய் இல்லாட்டி அழுக்கு. ஏதாவது இருக்கும் விடு" என்றான் விஜிதரன்.

அந்த நேரம் பார்த்துப் பெக்டரியில் சங்கு ஊதியது. தொட்டிலில் பிள்ளை கை கால்களை உதறியது. விஜிதரன் துள்ளி எழுந்தான். "பாத்தியா! பாத்தியா! எப்படித் தூக்கிப் போடுது பாரு! இதுக்கா காது கேக்காது?" சர்மிளா கையைத் தட்டினாள்.

காதில் பஞ்சும் தலையில் துண்டுமாக நடுவில் நின்றுகொண்டு, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, யாரோ எதுவோ பேச, தான் பாட்டுக்குத் தலையாட்டியது ஜீவராணிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவளுக்கும் சங்கு கேட்டது. எவ்வளவு நன்றாகக் கேட்டது! அது ஒன்றுதான் கேட்டது.

அவள் தொட்டிலுக்குப் பின்பக்கமாகப் போய் நின்று, சாதாரணமாக, "பாப்பா" என்றாள். "பாப்பா, அம்மாடி." பிள்ளை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் குரலுக்குக் கண்கூட அசையவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளை எப்படித் திரும்பும் என்று விஜிதரன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால்தானே அந்த மிசின் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

இரண்டாவது தடவை போக வேண்டிய நாளும் பிள்ளைக்கு முப்பதாம் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, அத்தைக்காரி பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். சர்மிளா வெள்ளிக் காப்பு வாங்கி வைத்திருந்தாள். கோழிக்குச் சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் நல்லதண்ணியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு அடுத்த கெழம போய்க்கலாம்" என்றான் விஜிதரன்.

"பேர அடுத்த கெழம வச்சிக்கலாம்" என்றாள் ஜீவராணி.

"என்ன அண்ணி இது, ஒரு மிசினுக்காக நல்ல காரியத்தத் தள்ளி வைக்கிறதா? எங்க அண்ணன் வீட்டு மொதப் புள்ள!" சர்மிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ காதுல சொல்லப் போற பேரு சர்மி. அந்தக் காது எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடுறேன். அப்பறம் மூணு தடவ என்ன, முப்பது தடவ சொல்லு."

வாசலில் பேச்சியம்மாவின் குரல் கேட்டது. குளிப்பாட்ட வந்தவள் பேச்சைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தாள். "தம்பி" என்றாள் விஜிதரனைப் பார்த்து. "ஒங்க தங்கச்சி புள்ளைக்கு எண்ணெய் விட்டது நான்தான். அதுக்கு ஊரே என்னச் சிரிச்சுச்சு, பட்டுக்கிட்டேன். இந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டு விடல. முனியாண்டி மேல சத்தியம். எண்ணெயாத்தான் இருக்கும்னு சொன்னா பழி என் மேல நின்னாலும் ஒங்களுக்கு நிம்மதி. ஆனா அது எண்ணெ இல்ல. ராணி சொல்றதக் கேளுங்க."

விஜிதரனுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. சிரிப்பை வைத்து அதை மூடியிருக்கிறான், பாவம். நல்லதண்ணிக்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டு ஆட்டோவின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்றைக்கும் மிசினுக்குப் பதில் வரவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் பெரிய மிசினில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பெயர் வைத்தார்கள். தருணிகா. சர்மிளா பெயரைச் சொன்ன சத்தத்தில் அடுத்த லயத்துக்காரர்களும் தெரிந்துகொண்டார்கள். இனிமேல் சிரிக்க மாட்டேன் என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதபோது, ஜீவராணி, "சிரி, ஆனா நான் சிரிப்புக் காட்டும்போது மட்டும் சிரி" என்றாள்.

கண்டிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கிளினிக் நாள் வந்தது. யாரும் கூப்பிடாமலே ஜீவராணி மகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவத்துக்குள் நுழைந்தாள். புதுக் கர்ப்பிணிகள் பாயில் இருந்தார்கள். கேஷிகா பிள்ளையை நிறுக்க வந்து ஓரமாக நின்றிருந்தாள்.

"மிஸ், நான் கொஞ்சம் பேசவா?"

"நான் வேணாம்னா நிறுத்தவா போறீங்க?" என்றார் கோசலா மிஸ்.

"எண்ணெய் மிசின்னு பேரு வச்சது நான்தான்" என்று ஆரம்பித்தாள் ஜீவராணி. "நல்ல பேரு. நீங்களும் நல்லாச் சிரிச்சீங்க. இப்ப அந்தப் பேர நானே வாபஸ் வாங்கிக்கிறேன். இனிமே எவளாவது சொன்னா நான் அவளுக்கு ஒரு பேரு வைப்பேன், பேரப்புள்ள காலம் வரைக்கும் போகாது. என் புள்ளைக்கு நான் எண்ணெய் விடல. காவல் காத்தேன். ரெண்டு தடவையும் மிசின் ஒரே பேச்சுத்தான் பேசுது. சங்குக்கு என் புள்ளையும் துள்ளுது. ஒங்க புள்ள துள்ளுறத விட நல்லாவே துள்ளுது. அத நம்பி நான் வீட்டுல கெடந்திருந்தா இவ வாயத் தெறக்காமலே வளந்திருப்பா, நானும் 'பேசும் பேசும்'னு பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். ஒங்க புள்ளைக்குக் காது நல்லாத்தான் இருக்கும். பத்துல பத்துக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நல்லா இருக்கட்டுமே! காதுல எண்ணெய் விடாதீங்க, பால் குடுத்துத் தூங்க வச்சுக் கொண்டு போங்க. பதில் வரலன்னா அழாதீங்க, திரும்பப் போங்க. போகாம மட்டும் இருக்காதீங்க."

மன்னிப்புக் கேட்கிற தொனி அதில் மருந்துக்கும் இல்லை. கண்டாக்கையாவிடம் நிறை கேட்கிற அதே குரல்தான். பேசி முடித்துவிட்டுக் கேஷிகாவின் பக்கம் திரும்பினாள்.

"கேஷிகா, ஒம் புருசன் வேலையக் கெடுக்க வேணாம். நாளைக்கு எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல நானே கூட்டிட்டுப் போறேன். வருவியா?"

"வர்றேங்க்கா" என்றாள் கேஷிகா. இந்தத் தடவை கூச்சமில்லாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் பிள்ளைக்கு மறுநாள் இரண்டு காதும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவளைவிட ஜீவராணிதான் அதிகம் சந்தோசப்பட்டாள். சந்தோசப்பட்டுக்கொண்டே, எதிர்க் கடைக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டும் வந்தாள்.

கண்டியில் தருணிகாவின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பார்த்து முடிக்க வெகு நேரம் ஆனது. பிள்ளை முழித்துப் பால் குடித்த பிறகு டாக்டரம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ரெண்டு காதுலயும் கேக்குறது குறைவா இருக்கு" என்றார். "சுத்தமா இல்லாம இல்ல. ஆனா குறைவு."

ஜீவராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப இவளுக்கு என்னதான் கேக்குது டாக்டர்?"

"பெரிய சத்தம் கேக்கும். கதவ அறைஞ்சு சாத்தினா, தகரம் விழுந்தா கேக்கும். காதுகிட்ட வச்சு உரக்கப் பேசினாக் கொஞ்சம் கேக்கும். சாதாரணமா நம்ம பேசுறது கேக்காது."

பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஜீவராணி அதனோடு பேசிக்கொண்டே இருந்தாள். மழை விடாததைச் சொன்னாள். பக்கத்துக் காம்பராக்காரியின் கோழி வந்து அரிசியைக் கிளறியதைச் சொன்னாள். பிள்ளையின் அப்பா தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு டீயை ஊதி ஊதிக் குடித்ததைச் சொன்னாள். பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். கதை அவ்வளவு ருசிக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அத்தனையும் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. டாக்டரம்மாவுக்கு முன்னால், பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஜீவராணி விம்மி விம்மி அழுதாள்.

டாக்டரம்மா அழ விட்டார். பிறகு தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒன்னு சொல்றேம்மா, கேளுங்க. இந்தப் புள்ளைக்கு இன்னும் மூணு மாசம் ஆகல. என்கிட்ட மூணு வயசுல, நாலு வயசுல வர்ற புள்ளைங்க இருக்காங்க. நீங்க நேரத்தோட வந்திருக்கீங்க. காதுக்குப் பின்னால மாட்டுற சின்ன மிசின் குடுப்போம். அதுக்குக் காதோட அச்சு இன்னைக்கே எடுத்துடலாம். அத மாட்டினா நீங்க பேசுறது இவளுக்குக் கேக்கும். ஆனா மிசின் பாதி வேலதான் பாக்கும், மிச்சம் ஒங்க கையிலதான் இருக்கு. இவகிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும். குளிப்பாட்டும்போது, சமைக்கும்போது, ரோட்டுல நடக்கும்போது, ஓயாமப் பேசணும். பதில் வரலன்னு அலுத்துப் போகக்கூடாது. நாள் முழுக்கப் பேசணும். ஒங்களால முடியுமா?"

விஜிதரன் சிரித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வழிய, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தான். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார்.

"இவளையாங்க டாக்டர் கேக்குறீங்க? இவளையா?" என்றான்.

ஜீவராணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். "அப்ப இத்தன நாளும் சொன்னத எல்லாம் மொதல்ல இருந்து திரும்பச் சொல்லணும்" என்றாள். "பரவாயில்ல டாக்டர். சொல்லிடலாம்."

"மிசின் வரட்டும்டி" என்றான் விஜிதரன்.

"அது வர்றப்ப வரட்டும். கிட்ட வச்சு உரக்கப் பேசினாக் கேக்கும்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றவள், மகளைத் தூக்கி அந்தச் சின்னக் காதோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டாள். "இந்தா பாருடி தருணிகா, ஒங்க அப்பா பெரிய மனுசரு, ஆஸ்பத்திரியில ஒக்காந்து அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு..." என்று அவள் தொடங்கிய குரலுக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.